முதலில் ஓமை மரம் வரும்

அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். புற்றுநோய்ப் பிரிவின் டாக்டர் அம்மா, சங்கரன்கோவிலிலிருந்து டெல்லிக்குச் சிகிச்சைக்கு வந்திருந்த சண்முகவேல் ஐயா, அவர் மனைவி கோமதி அம்மா, இந்தியைத் தமிழாக்கிச் சொல்ல நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. மகன் முத்துராஜ் விமான நிலையத்தில் காலை ஷிப்டில் இருந்தார். மகள் ஊரில், பிள்ளை பெற்றுப் பதினோரு நாள் ஆன உடம்போடு படுத்திருந்தாள்.

திங்கட்கிழமை முதல் நம் மருத்துவமனையின் தமிழ் உதவி மேஜையில் உட்காரப் போகிற உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். எட்டு வருஷம் நான் உட்கார்ந்த இடம் அது. எனக்கு முப்பத்திரண்டு வயதுதான், ஓய்வு பெறுகிற வயதில்லை. ஆனாலும் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், இந்த வேலைக்குத் திரும்ப மாட்டேன், ஆகவே ஓய்வு என்றே வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன், படிவம், எந்த ஜன்னலில் யார் கையெழுத்து என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. நீங்கள் இருவரும் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் என்று சொன்னார்கள். நானும் அதேதான். நான் செய்த தவறை, தமிழ் படிக்காத ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டார். அதனால் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து டெல்லிக்கு மேம்பால வேலைக்கு வந்தவர். அம்மா அரசுக் குடியிருப்புகளில் வீட்டு வேலை பார்த்தவர். வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அதில் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். அம்மா அழுவார் என்று தோன்றும் வரிகளை விழுங்கிவிடுவேன். எங்கள் குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதும் அப்படித்தான் செய்தேன். "இன்னாடா போட்டுக்கீறான்?" என்று அம்மா கேட்டார். "பாத்துச் சொல்றோம்னு போட்டிருக்கும்மா" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் தேதியையும் சேர்த்து முழுசாகப் படித்துச் சொன்னதால் சாமான்களையாவது காப்பாற்றிக்கொண்டோம்.

சண்முகவேல் ஐயாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

பிறகு நகரத்தின் கடைசியில் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து புசா ரோடு பக்கம் தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். மே மாத வெயிலில், நிற்கக்கூட இடமில்லாத பேருந்தில், செய்யுள் பகுதியை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படிப்பேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் கல் சுடும் வழியில் நடந்திருக்கிறான், அவனுக்கும் நாக்கு வறண்டிருக்கிறது, அதைப் பார்த்த ஒருவர் பாட்டாகச் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் மட்டும் இல்லை என்று ஒரு தெம்பு. என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே தடுமாறும். வீட்டில் இந்தி, வெளியிலும் இந்தி. எனக்கு அந்தப் பழைய பாட்டுகள் ஊரைவிட நெருக்கமாக இருந்தன. ஊரை நான் பார்த்ததே மூன்று முறைதான்.

அதில் ஒரு பாட்டு பாலை நிலத்துப் பாட்டு. ஊரைவிட்டுக் கிளம்பிய ஓர் இளைஞனும் பெண்ணும் வறண்ட காட்டு வழியில் போகிறார்கள். எதிரே வருகிறவரிடம் தண்ணீர் எவ்வளவு தூரம் என்று இளைஞன் கேட்கிறான். அவர் பக்கம்தான் என்று சொல்லவில்லை. தூரம் என்றும் சொல்லவில்லை. முதலில் பட்டை உரிந்த ஓமை மரம் வரும், அங்கே நிழல் இருக்காது, நிற்காதே என்கிறார். அப்புறம் பருந்து உட்கார்ந்திருக்கும் பாறை. அப்புறம் யானை தோண்டிய பள்ளம். அதில் ஈரம்தான் இருக்கும், ஏமாந்து உட்கார்ந்துவிடாதே. அதற்கும் அப்பால் தண்ணீர். இந்தப் பெண் களைத்திருக்கிறாள், என் நிழலிலாவது கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள் என்று முடிக்கிறார். அவ்வளவுதான் பாட்டு. அதைப் பற்றி எட்டுப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதி, பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன்.

இந்த மேஜைக்கு வந்த பிறகு நோயாளிகளிடம் பாட்டுச் சொல்வது என் பழக்கமானது. ரத்தம் எடுக்கக் காத்திருக்கும் வரிசையில், ஸ்கேனுக்கு வெளியே, ஒரு பாட்டைச் சொல்லிப் பொருளும் சொல்வேன். சிரிப்பார்கள். "பாட்டுக்காரத் தம்பி எங்க?" என்று தேடுவார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. நம்பிக்கை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரையோடு கொடுக்கிற சர்க்கரை மாதிரி அதைக் கையில் வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

இனி அந்த அறை.

டாக்டர் அம்மா இந்தியில் பேசினார், நடுநடுவே ஆங்கிலம். கணையத்தில் தொடங்கியது ஈரலுக்குப் பரவிவிட்டது. ஒரு மருந்து இருக்கிறது, கொடுக்கலாம். அது நாட்களைக் கொஞ்சம் நீட்டலாம், நீட்டாமலும் போகலாம், ஆளைப் பலவீனமாக்கும். ஊருக்குப் போய் வீட்டில் இருக்க விரும்பினால் அதற்கு இதுதான் நேரம். இப்போது அவரால் விமானத்தில் உட்கார முடியும். மூன்று வாரம் கழித்து முடியாமல் போகலாம். வலிக்கு வேண்டியதை எழுதித் தருகிறேன், முடிவு அவர்களுடையது.

நான்கு நிமிஷம் பேசியிருப்பார். கோமதி அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் செல்போன், அதன் முகப்பில் பேத்தியின் படம், துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகம்.

"ஒரு மருந்து தொடங்கலாம்னு சொல்றாங்க ஐயா. கொஞ்சம் பலவீனமா இருக்கும். போகப் போகப் பார்த்துக்கலாம்" என்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டாக்டர் சொன்ன மருந்தும் பலவீனமும் அதில் இருந்தன. மற்றதையெல்லாம்தான் விழுங்கினேன். சாயங்காலம் மகனைத் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம், பெற்றவர்கள் முன்னால் எதற்கு என்று நினைத்தேன்.

"தம்பி, அம்மா அம்புட்டு நேரம் பேசுனாவ, நீங்க ரெண்டு வரியில முடிச்சிட்டியளே?" என்றார் சண்முகவேல் ஐயா.

"இந்தியே அப்படித்தான் ஐயா. இழுத்து இழுத்துப் பேசுவாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டாக்டர் அம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்து, தைரியமான மனிதர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். "ஸம்ஜா தியா?" என்று கேட்டார். புரியவைத்துவிட்டேன் என்று நானும் தலையாட்டினேன். "அச்சா" என்று அடுத்த கோப்பை எடுத்தார்.

சாயங்காலம் முத்துராஜ் சீருடையோடு ஓடிவந்தார். விமான நிலையத்தில் நடக்க முடியாத பயணிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து விமான வாசல் வரை கொண்டுபோய் விடுகிற வேலை அவருக்கு. துவாரகாவில் ஒரு அறை வீடு. அதில்தான் பெற்றவர்களையும் வைத்திருந்தார். "பையா, என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அண்ணா என்பதை இந்தியில் அப்படித்தான் சொல்லிக் கூப்பிடுவார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவுக்குச் சொன்ன அதே இரண்டு வரியைச் சொன்னேன். ஒருமுறை வாயில் வந்துவிட்டால் அதுதான் மறுபடி வருகிறது. நாளைக்கு விவரமாகச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாளைக்கு அவருக்கு இரட்டை ஷிப்ட். மறுநாள் எனக்கு வேறு குடும்பம், வேறு அறை.

மருந்து தொடங்கியது. சண்முகவேல் ஐயா பகல்நேர வார்டின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். ஊர் நூலகத்தில் ஐந்தாறு பேர் வாரம் ஒரு பழைய பாட்டு என்று கூடிப் படிப்பார்களாம். முப்பது வருஷம் விடாமல் போயிருக்கிறார். அந்தப் பாலைப் பாட்டு அவருக்கும் மனப்பாடம். நான் அதைச் சொல்லத் தொடங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது எங்க டிப்பார்ட்மெண்டுப் பாட்டுல்லா தம்பி! கோயில்பட்டி வண்டி எப்ப வரும்னு ஒரு ஆளு வந்து கேப்பான். இந்தா வந்துரும்னு சொல்லிட்டா என்ன ஆவும்? அவன் டீ குடிக்கப் போவமாட்டான், ஒண்ணுக்குப் போவமாட்டான், வெயில்ல ரோட்டையே பாத்துக்கிட்டு நிப்பான். நான் அப்படிச் சொன்னதே கெடையாது. இப்பதான் கழுகுமல தாண்டியிருக்கும், நடுவுல ரெண்டு வெலக்குல ஆள் ஏத்துவான், நீரு ஒரு டீயக் குடிச்சிட்டு வாரும்னு சொல்லுவேன்."

"ஊருக்கெல்லாம் நேரஞ் சொன்ன மனுசன், வீட்டுக்கு என்னைக்காவது நேரத்துக்கு வந்திருக்காவளான்னு கேளுய்யா" என்றார் கோமதி அம்மா.

"வந்தா என்ன கெடைக்கும்? ரசம்."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னதை ரசித்தேனே தவிர, அது என்னைப் பற்றியது என்று எனக்கு உறைக்கவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்த அறையிலிருந்து எண்ணினால் பதினைந்தாம் நாள். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது, உட்கார முடிந்தது. கோமதி அம்மா கஞ்சி வாங்க கேன்டீனுக்குப் போயிருந்தார். ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பாட்டுல தண்ணி எவ்வளவு தூரம்னு கேக்கான்லா. அதுக்கு அந்த ஆளு என்ன சொல்லுதாரு?"

"உங்களுக்குத் தெரியாததா ஐயா?"

"நீங்க சொல்லுங்க. உங்க வாயால கேக்கணும்."

உற்சாகமாகிவிட்டேன். படித்ததைக் கொட்டினேன். திணை பாலை என்றேன். காதலர் இருவரை வழியில் பார்த்தவர் சொல்வதால் இது கண்டோர் கூற்று என்றேன். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்றேன். ஆமாம், பிரிவு என்று என் வாயாலேயே சொன்னேன், அவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு. ஓமை மரம் நிலத்தின் வறட்சிக்கு அடையாளம், பருந்து ஆபத்துக்கு அடையாளம் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "பரீச்சையில எத்தன மார்க்கு?" என்றார்.

"பத்துக்கு ஒன்பது ஐயா."

"நல்லது" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

களைப்பு என்று நினைத்து, போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

இருபதாம் நாள் காலையில் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. அதற்குப் பின் முடியவே இல்லை. வார்டில் சேர்த்தார்கள். டாக்டர் அம்மா வார்டுக்கு வந்தபோது முத்துராஜ் இருந்தார். அவருக்கு இந்தி நன்றாகத் தெரியும், மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. நான் சும்மா பக்கத்தில் நின்றேன். "நீங்கள் ஊருக்குப் போகவில்லை என்று முடிவு செய்தது உங்கள் விருப்பம், நான் மதிக்கிறேன்" என்று டாக்டர் தொடங்கினார். முத்துராஜ், "எந்த முடிவு?" என்றார். டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வராந்தாவில் முத்துராஜ் என்னிடம் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பையா, ஃபைல்ல எல்லாம் இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. இப்பதான் பாத்தேன். நீங்க சொல்லிட்டியள்லா, அதனால நான் படிக்கல" என்றார். பிறகு, "டெய்லி யார் யாரோட அப்பாவையோ ஏத்தி விடுதேன். எங்கப்பாவ ஏத்த எனக்கு ஒரு நாள் போதுமே" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தையை அவர் காதில் வாங்கவில்லை. மணியைப் பார்த்தார், அடுத்த ஷிப்டுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தார்.

மகள் கைக்குழந்தையோடு கிளம்பி வருகிறேன் என்றாளாம். குளிர், ஆஸ்பத்திரித் தொற்று, பச்சை உடம்பு என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள். போனில் காட்டினார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஐயா அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து, "மூக்கு நம்ம மூக்குல்லா" என்றார். கைக்குழந்தையை முகர்ந்து பார்க்கப் போனில் வழியில்லை.

முப்பத்துநான்காம் நாள், மதியம், கோமதி அம்மா கையைப் பிடித்திருக்கும்போது போய்விட்டார்.

காகிதங்களுக்காக அவர்கள் என் மேஜைக்கு வந்தாக வேண்டியிருந்தது. முத்துராஜ் கையெழுத்துப் போட உள்ளே போனார். கோமதி அம்மா எதிரே உட்கார்ந்தார்.

"எய்யா, ஒனக்கு மொத நாளே தெரியுமா?"

"தெரியும்மா."

தெரிந்ததை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அவர் என்னைத் திட்டவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

"அவுகளுக்கும் ஏதோ பட்டிருக்கு. நேராக் கேட்டா பையன் சங்கடப்படுவான்னுதான் ஒங்கிட்ட பாட்டக் கேட்டிருக்காவ. நான் கஞ்சியோட வந்தேன். என்ன சொன்னான் தம்பின்னு கேட்டேன். 'அவரு வாத்தியாருட்டி, நமக்குத்தான் வழி கேக்கத் தெரியல'ன்னாவ. எனக்கு அப்பப் புரியல" என்றார்.

அவர் கேட்டது பாட்டில்லை. எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறார். உலகத்திலேயே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பாட்டு என் வாயில் இருந்தது. நான் அதற்குத் திணை சொன்னேன்.

அன்று சாயங்காலமே டாக்டர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நானும் உன் முகத்தைப் பார்த்துப் பேசினேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை" என்றார். அதன் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நான் சொல்லி முடித்ததும், நோயாளி என்ன புரிந்துகொண்டார் என்று நோயாளியையே தமிழில் சொல்லச் சொல்வார். அதை நான் இந்தியில் திருப்பிச் சொல்ல வேண்டும். உங்களிடமும் கேட்பார். எரிச்சல்படாதீர்கள். என்னால் வந்த வழக்கம் அது.

ஒரு வருஷம் நான் யாருக்கும் பாட்டுச் சொல்லவில்லை. பாட்டின் மேல் தவறில்லை என்று புரிய அவ்வளவு நாள் ஆயிற்று. மறுபடி சொன்னது கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு. கணவர் ராணுவத்தில், எல்லையில் இருந்தார். மார்பில் கட்டி; குணமாகும் என்றார் டாக்டர், ஆனால் எட்டு மாதம். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "சீக்கிரம் சரியாயிடும்ல அண்ணா?" என்று கேட்டது. எனக்கு நாக்கு நுனி வரை "ஆயிடும்மா" வந்துவிட்டது. விழுங்கினேன். இந்தமுறை விழுங்க வேண்டியதை விழுங்கினேன். டாக்டரிடம் மாதவாரியாகக் கேட்டு வந்து சொன்னேன். முதலில் முடி போகும். அப்புறம் சோற்றின் ருசி. நாலாவது மாதம் போதும் விட்டுவிடலாம் என்று தோன்றும்; அப்போது இரத்த ரிப்போர்ட் நன்றாகத்தான் இருக்கும், உடம்புதான் ஏமாற்றும். அதற்கு அப்புறம் ஆபரேஷன். சொல்லிவிட்டு அந்த வழிப்போக்கர்கள் கதையையும் சொன்னேன், திணை இல்லாமல்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அப்ப அம்மாவ இப்ப வரச்சொல்ல வேணாம். நாலாவது மாசத்துக்கு டிக்கெட் போடச் சொல்றேன். அப்பதான ஆள் வேணும்" என்றது. சொன்னபடியே நாலாவது மாதம் அம்மா வந்தார். அந்தப் பெண் இப்போது வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறது. உங்கள் மேஜைக்கும் வரும். நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இதைச் சொன்னதால் நான் தேறிவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவருக்குச் செய்யாமல் விட்டதை இன்னொருவருக்குச் செய்தால் கணக்கு நேராகிவிடாது. நான் இப்போது அந்தப் பாட்டை வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பத்து மதிப்பெண் கேள்வி அதிலிருந்து வரும். பிள்ளைகளுக்குத் திணை சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால், தண்ணீர் எவ்வளவு தூரம் என்று உங்களை ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.

சண்முகவேல் ஐயா ஊருக்குப் போனார். காலை மதுரை விமானம்தான். அங்கிருந்து மூன்று மணி நேரம் வண்டியில். மத்தியானத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாக முத்துராஜ் செய்தி அனுப்பியிருந்தார். பயணிகள் வாசல் வழியாக அவர் ஏறவில்லை. சரக்குப் பகுதியில், பெட்டியோடு கூடவே நடந்து போய், மகன் ஏற்றிவிட்டிருக்கிறார்.

டாக்டர் அம்மா சொன்ன நாளுக்கும், அவரால் உட்கார முடியாமல் போன நாளுக்கும் நடுவில் எத்தனை என்று பலமுறை எண்ணிவிட்டேன். என் இரண்டு வரியால் அவர்களுக்கு ஆன செலவு பத்தொன்பது நாள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒன்று.